கடைசிக் கன்னியாஸ்திரி இருக்கும்வரை

வியாகுல மாதா மடம், வால்தெமூரா
1885 அக்டோபர் 4

அன்புள்ள தங்கச்சி உம்பெலினாவுக்கு,

தேவமாதா தயவில் நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். உன் இருமல் எப்படி இருக்கிறது? என் கண் இனி எழுதுவதற்கு உதவாது. அதனால் நான் சொல்லச் சொல்ல பொனிபாசியா எழுதுகிறாள். முப்பது வருஷமாக என்னோடு இருக்கிற வேலைக்காரி. எழுத்து முத்து முத்தாக இருக்கும், வாய்தான் கொஞ்சம் நீளம். நடுவில் தன் பங்குக்கு எதையாவது சொருகினால் நம்பாதே.

(சின்னத் தாயாருக்குக் கும்பிடு. கல்லுக்குண்டு போன வாரம் மாடிப்படியில உருண்டுச்சு. கேட்டா ஜெபத்துக்கு முழங்கால் போட்டேன்னு சொல்றாங்க. — பொனிபாசியா)

விஷயத்துக்கு வருகிறேன். வருவாய் அதிகாரி அனக்லெத்து மாதாமாதம் நான் உயிரோடு இருக்கிறேனா என்று பார்க்க வருவார் அல்லவா? பார்க்க என்ன இருக்கிறது? கம்பிக்குப் பின்னால் கறுப்புத் திரை, திரைக்குப் பின்னால் நான். நான் வாய் வலிக்கத் திட்டுவேன், அவர் குரலைக் கேட்டுக்கொண்டு, "இருக்கிறார்" என்று எழுதிக்கொண்டு போவார். இந்தத் தடவை போகாமல் நாற்காலி கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"தாயாரே, ஆம்பிளைச் சாமியாருங்க மடத்தையெல்லாம் அரசாங்கம் ஒரேயடியா எடுத்துக்கிச்சு. உங்களுக்கு மட்டும், கடைசிக் கன்னியாஸ்திரி கண்ணை மூடுற வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்னு இரக்கப்பட்டாங்க. அந்த இரக்கம் அம்பது வருஷமா இழுத்துக்கிட்டுக் கெடக்கு" என்றார்.

அவர் யோசனை இதுதான். புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது என்று சட்டம் போட்டதால், உன் மடத்தில் நீ ஒருத்தி மிச்சம், என் மடத்தில் நான் ஒருத்தி. அக்காவும் தங்கையும் ஒரே மடத்தில் சேர்ந்துவிட்டால் இன்னொரு மடத்தை அரசாங்கம் இப்போதே எடுத்துக்கொள்ளலாம். ரயில் சீட்டு கூட அவர்களே வாங்கித் தருவார்களாம்.

யோசனை நல்லதுதான். நீ இங்கே வா. என்னை நம்பி இங்கே ஒன்பது பொம்பிளைகள் இருக்கிறார்கள். விதவைகள், கிழட்டு வேலைக்காரிகள், கண் தெரியாத லியோகாதியா. நான் போனால் மறுநாளே நடுத்தெருதான். உன்னிடம் இருப்பது வேலைக்காரி செபெரினா ஒருத்தி, அவளுக்கும் தாங்க மருமகள் இருக்கிறாள். ஆகவே சீக்கிரம் மூட்டை கட்டு.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா கித்தேரியா


காணிக்கை மாதா மடம், ஃபொன்தெலா
1885 நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நான் நலம். இருமல் இல்லை. நீ கேள்விப்பட்டது சாம்பிராணிப் புகையால் வந்தது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பொனிபாசியா சொல்வதைத்தான் நான் நம்புவேன்.

என்னிடமும் இதே யோசனையோடு நகரசபைத் தலைவர் வந்தார். மடம் காலியானால் பாடகர் மண்டபத்தை நாடகக் கொட்டகை ஆக்கப் போகிறாராம். நான் உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே கயிறு பிடித்து அளக்க ஆள் அனுப்பினார். ஆர்கன் இருக்கிற இடத்தில் ராஜா வேஷக்காரன் நிற்பானாம். பதினாறு வயதில் நான் முதல் சங்கீதம் பாடிய இடம் அது. இப்போது கேட்க ஆள் இல்லாவிட்டாலும் தினமும் பாடுகிறேன், இரண்டு பக்கத்து வரிசைக்கும் நானே. இந்தப் பக்கம் ஒரு வரி, எழுந்து போய் அந்தப் பக்கம் ஒரு வரி. மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

ஆகவே நீதான் இங்கே வர வேண்டும். இங்கே மழை உண்டு, பச்சை உண்டு, சூடான கீரை சூப் உண்டு. உங்கள் ஊரில் கொத்தமல்லியும் பூண்டும் போட்டு வெந்நீரில் ஊறவைத்த பழைய ரொட்டியைச் சாப்பாடு என்கிறார்கள்.

உன் உடல்நலம் பற்றி உண்மையை எழுது.
உம்பெலினா


வால்தெமூரா
1885 டிசம்பர் 9

அடி உம்பெலினா,

நான் சுகம், உன் சுகம் உன் கடிதத்திலேயே தெரிகிறது. மூச்சு வாங்குகிறது என்கிறவள் என்னை மலையேறித் தன் ஊருக்கு வரச் சொல்கிறாள்.

கீரை சூப்பைப் பற்றி: குளத்தில் பாசி படர்ந்தால் நாங்கள் மாட்டைக்கூட இறக்க மாட்டோம். நீங்கள் அதைக் கிண்ணத்தில் ஊற்றிக் குடிக்கிறீர்கள்.

இங்கே மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற மடத்தலைவி தேர்தல் போன வாரம் முடிந்தது. பாதிரியார் திமோத்தேயு பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஒரே சீட்டை எடுத்து, இரண்டு தடவை படித்தார். நான் ஜெயித்துவிட்டேன்.

(ஜெயிச்சதும் நெஞ்சுல கை வச்சு, "நான் இதை எதிர்பாக்கலை"ன்னாங்க. அப்புறம் ராத்திரி பூரா இருமல். இவங்களுக்கும் சாம்பிராணிதானாம். — பொ.)

அப்பா நம்மை ஒரே மடத்தில் விட்டிருந்தால் அந்த மடம் எப்போதோ இடிந்து விழுந்திருக்கும் என்று பொனிபாசியா சொல்கிறாள். விழட்டும் என்கிறேன் நான். ஐம்பத்தைந்து வருஷம் ஆயிற்றடி. உன் மூக்கு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது. பெரிதாக இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பொம்பிளைகளை விட்டுவிட்டு என்னால் வர முடியாது. நீ வா. கெஞ்சமாட்டேன், ஒரு தடவைதான் சொல்வேன்.

(இது நாலாந்தடவை. — பொ.)

கித்தேரியா


ஃபொன்தெலா
1886 ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

புது வருஷம் உனக்கு ஆரோக்கியத்தைக் கொடுக்கட்டும், கூடவே கொஞ்சம் நல்ல புத்தியையும். முட்டை மஞ்சள்கரு மிட்டாய் ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். எல்லாவற்றையும் நீயே தின்றுவிடாதே, லியோகாதியாவுக்குக் கொடு.

என் மூக்கைப் பற்றி எழுதினாய். நம் இருவருக்கும் ஒரே மூக்குதான், அப்பாவுடையது. நீ கண்ணாடியைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்.

நான் வரமாட்டேன் அக்கா. அந்த ஒன்பது பேரைக் காட்டிக் காட்டி என் மனதை உருக்கப் பார்க்கிறாய். அவர்கள் உன் பொறுப்பு, அவர்களைக் கொண்டுவந்து என் தலையில் கட்டாதே. நான் காலை வெளியே வைத்த மறுநாள் இங்கே தட்டுமுட்டுச் சாமானோடு நாடகக்காரர்கள் நுழைவார்கள். நான் இருக்கிறவரை ஒருத்தனும் நுழைய முடியாது. எனக்கு எழுபது. எண்பது வரை இருப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

உடனே பதில் போடு. திட்டியாவது எழுது.
உம்பெலினா


வால்தெமூரா
1886 மார்ச் 29

பேரன்புக்குரிய தங்கை உம்பெலினா அவர்களுக்கு,

சர்வேசுரனுடைய அளவற்ற கிருபையால் நான் பூரண சுகமாக இருக்கிறேன். தங்கள் சுகத்தையும் அறிய ஆவலாக இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். தபசு காலமானதால் ஜெபம் அதிகம்.

தாங்கள் அனுப்பிய மிட்டாய் மிகவும் ருசியாக இருந்தது. ஃபொன்தெலா நல்ல ஊர். மழையும் நல்லது. கீரை சூப்பைப் பற்றி நான் எழுதியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். கீரை உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தாங்கள் இங்கே வர விருப்பமில்லை என்றால் நான் வற்புறுத்தமாட்டேன். இங்கே எல்லோரும் நலம். அனக்லெத்து ஐயாவும் நலம்.

தங்கள் அன்புள்ள அக்கா
கித்தேரியா


ஃபொன்தெலா
1886 ஏப்ரல் 8

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? இது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி இல்லை, நிஜமாகக் கேட்கிறேன்.

என்னை "அவர்களுக்கு" என்று எப்போதிலிருந்து கூப்பிட ஆரம்பித்தாய்? எனக்குக் கோபம் வருகிறது. உன்னுடைய மடம் பன்றிக் கொட்டில். உன் ரொட்டியைப் பன்றியே தின்னாது. மூன்று வயதில் என் பொம்மையை அடுப்பில் போட்டது நீதான், பூனை இல்லை. இதற்கெல்லாம் பதில் சொல்.

உம்பெலினா


வால்தெமூரா
1886 மே 2

பேரன்புக்குரிய தங்கை அவர்களுக்கு,

பாஸ்கா திருநாள் வாழ்த்துகள். நான் மிக்க நலம். தாங்களும் நலமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

பொம்மையை எரித்ததற்காக வருந்துகிறேன். மன்னித்துவிடவும். ரொட்டியைப் பற்றித் தாங்கள் சொன்னதும் ஒரு விதத்தில் சரிதான்.

அனக்லெத்து ஐயா நேற்று வந்தார். போகும்போது, "தாயாரே, ரெண்டு மாசமா நீங்க என்னைத் திட்டவே இல்லையே. உடம்புக்கு ஏதாச்சும்…?" என்று கேட்டார். நல்ல மனிதர். அக்கறையாக விசாரித்தார்.

தங்கள் அன்புள்ள
கித்தேரியா


ஃபொன்தெலா
1886 மே 10

பொனிபாசியா,

இந்தக் கடிதம் உனக்கு. சத்தம் போட்டுப் படிக்காதே.

பொம்மையை எரித்தது பூனைதான். அது எனக்கும் அவளுக்கும் தெரியும். ஐம்பத்தைந்து வருஷக் கடிதத்தில் அவள் மன்னிப்புக் கேட்டதே கிடையாது, செய்யாத குற்றத்துக்குக் கேட்பாளா? அதுவும் போகட்டும். முன்னே எல்லாம் அவள் ஒன்று சொன்னால் நீ இடையில் புகுந்து இல்லை என்பாய். இப்போது இரண்டு கடிதமாக உன் குரலையே காணோம். மறுத்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை என்றுதானே அர்த்தம்?

எப்போது போனாள்? எப்படிப் போனாள்? எல்லாவற்றையும் எழுது. நான் அழுது முடித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், அதனால் பயப்படாமல் எழுது.

இரண்டாவது, அந்த அனக்லெத்து. அவன் அக்கறையாக விசாரிக்கவில்லையடி, அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவன் கண்டுபிடித்தால் நீங்கள் ஒன்பது பேரும் தெருவில் நிற்பீர்கள். அடுத்த தடவை அவன் வந்ததும் திரைக்குப் பின்னாலிருந்து இப்படிச் சொல்: "ஏய் அனக்லெத்து, அந்தத் தொப்பியைக் கழட்டு. உள்ள ஒண்ணும் இல்லங்கிறது ஊருக்கே தெரியும், காத்தாவது போகட்டும்." சொல்லிவிட்டு எழுந்து போய்விடு. அவள் அப்படித்தான் செய்வாள்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். எல்லோரும் சாப்பிடுகிறீர்களா?
உம்பெலினா


வால்தெமூரா
1886 மே 30

சின்னத் தாயாருக்கு பொனிபாசியா கால்தொட்டுக் கும்பிட்டு எழுதிக்கொள்வது,

நான் இருக்கிறேன். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. தாங்கள் சுகமா?

பெரிய தாயார் மார்ச்சில், சாம்பல் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை போய்விட்டார்கள். ஜன்னி கண்டது. இரண்டே நாள். முதல் நாள் கஷாயம் கொடுத்த என்னைத் திட்டினார்கள், மறுநாள் திட்டவில்லை. அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பாதிரியார் திமோத்தேயுதான் உள்முற்றத்தில் மற்ற தாயார்கள் பக்கத்தில் அடக்கம் செய்தார். அவருக்குக் காது மந்தம், அதனால் ஜெபத்தைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். வெளியே கேட்டுவிடக் கூடாது என்று நாங்கள் எல்லோரும் சமையல்கட்டுப் பாத்திரங்களை எடுத்து வந்து தேய்க்க ஆரம்பித்தோம். அழுதுகொண்டே தேய்த்தோம். லியோகாதியா ஒரு செப்புப் பானையைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையே போட்டுவிட்டாள். மறுநாள் அடுத்த வீட்டுக்காரி, என்ன அம்மா, மடத்தில் விருந்தா என்று கேட்டாள்.

கொஞ்ச நாள் மறைத்து வைக்கத்தான் நினைத்தோம், தாயார் மாதிரி பேசி ஏமாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. அனக்லெத்து ஐயா வந்து நின்றார், நான் திரைக்குப் பின்னால் தரை கூட்டிக்கொண்டிருந்தேன். "தாயாரே, இருக்கீங்களா?"ன்னார். முப்பது வருஷம் கேட்ட குரலாச்சே, வாயில் தானாகத் தாயார் குரலிலேயே "இருக்கேன்" என்று வந்துவிட்டது. அன்றிலிருந்து இருக்கிறேன்.

ஆனால் தாயாரே, செத்துப்போன புண்ணியவதியின் வாயில் கெட்ட வார்த்தையை எப்படிப் போடுவது? எழுதும்போதும் முடியவில்லை, பேசும்போதும் முடியவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுத்ததை நாள் முழுக்க மனப்பாடம் செய்தேன். அவர் வந்ததும், "ஏய் அனக்லெத்து, அந்தத் தொப்பியைக் கழட்டு"ன்னு நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மேலே வரவில்லை. பெரிய தாயார் பக்கத்தில் நின்று பார்க்கிற மாதிரி இருந்தது. "இல்லன்னா மாட்டிக்குங்க, தலைக்குப் பனி ஆகாது"ன்னு முடித்துவிட்டேன். மே மாசம் தாயாரே, வெயில் கொளுத்துகிறது.

மனுஷன் கம்பியைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கிவிட்டார். "நல்லாத் திட்டிக்கிட்டிருந்த மனுஷி இப்படி நல்லவங்களா ஆயிட்டாங்களே. இனி தாங்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஜூன் 24 அருளப்பர் திருநாள் முடிந்ததும் எவோரா நகரத்திலிருந்து பெரிய வைத்தியரைக் கூட்டி வருகிறாராம். திரையை விலக்கி நேரில் பார்ப்பாராம். எங்கள் கதை அதோடு முடிந்தது. சமையல்காரி இப்போதே தன் போர்வையைச் சுருட்டி வைத்திருக்கிறாள். லியோகாதியாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு இந்தச் சுவர்களைத் தடவித் தடவித்தான் வழி தெரியும், வேறு எங்கே போவாள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்கள் ஜனவரிக் கடிதத்துக்குப் பெரிய தாயார் பதில் சொல்ல ஆரம்பித்தார்கள். "எழுதிக்கோ"ன்னாங்க. "அடி முட்டாளே" என்று சொன்னார்கள். எழுதினேன். அப்புறம் இருமல் வந்தது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நாளை வரவில்லை. அதை எப்படி உங்களுக்கு அனுப்புவது என்றுதான் மரியாதையாக நானே ஒன்று எழுதினேன். மன்னிக்க வேண்டும்.

பொனிபாசியா


ஃபொன்தெலா
1886 ஜூன் 12

அன்புள்ள பொனிபாசியாவுக்கு,

எல்லோருக்கும் என் ஆசீர்வாதம். எனக்கு இருமல் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரயிலில் உட்காரப் போதுமான மூச்சு இருக்கிறது. வருகிற சனிக்கிழமை புறப்படுகிறேன்.

கிழவிக்குப் பைத்தியமா என்று கேட்காதே, யோசித்துப் பார். ஊருக்குக் கித்தேரியா இன்னும் உயிரோடு இருக்கிறாள். அவள் இருக்கும்போதே நான் அங்கே வந்து சேர்ந்துவிட்டால், மடத்தில் இரண்டு கன்னியாஸ்திரி. அப்புறம் அவள் ஊரறிய நிம்மதியாகச் சாகலாம். ஒருத்தி மிச்சம் இருப்பேன். நான் இருக்கிறவரை உங்களை ஒருவரும் அசைக்க முடியாது, சட்டமே அப்படித்தான் சொல்கிறது. பெட்டியில் எதை வைத்துப் புதைப்பது என்று வந்து யோசிப்போம். செங்கல் வேண்டாம், அவள் ஒல்லியானவள்.

அனக்லெத்துவுக்கு எழுதிவிட்டேன். அக்காவோடு இருக்கச் சம்மதம், ஃபொன்தெலா மடத்தை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நான் வருவதற்குள் வைத்தியர் கியித்தியர் யாராவது என் அக்காவைத் தொந்தரவு செய்தால் திரும்பிப் போய்விடுவேன் என்று. மறுநாளே தந்தி வந்தது. வைத்தியரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு மடம் கையில் கிடைக்கிற சந்தோஷத்தில் தந்தி முழுக்க ஒரே வணக்கம்.

வாசலில் அவர் நிற்பார். அக்காவும் தங்கையும் சந்திக்கிற காட்சியைப் பார்க்காமல் போகமாட்டார். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவை மட்டும் திற. நான் நேரே திரைக்குப் பின்னால் போய்விடுகிறேன். எங்கள் இருவருக்கும் அப்பாவுடைய மூக்கும் ஒன்று, குரலும் ஒன்று. இரண்டு வரிசைக்கும் ஒருத்தியே பாடிப் பழகியவள் நான், இரண்டு பேருக்கும் ஒருத்தியே சண்டை போட முடியாதா? ஐம்பத்தைந்து வருஷமாக நான் என்ன சொன்னால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அனக்லெத்து காது குளிரக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

நேற்று பாடகர் மண்டபத்தில் கடைசியாகப் பாடினேன். இந்தப் பக்கம் ஒரு வரி, அந்தப் பக்கம் ஒரு வரி. பாதியில் நகரசபைத் தலைவர் வந்து தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், முதல் நாடகத்துக்கு முன்வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி போடுவதாகச் சொன்னார். நல்ல மனசோடுதான் சொன்னார், பாவம். அவர் போன பிறகு ஆர்கன் மேல் தலையை வைத்து நன்றாக அழுதேன். டிசம்பரில் அவள் கேட்டபோதே வந்திருந்தால் அவளைப் பார்த்திருப்பேன். இந்த மண்டபத்துக்காக வராமல் இருந்தேன். இப்போது மண்டபமும் போகிறது.

செபெரினா மருமகள் வீட்டுக்குப் போகிறாள். லியோகாதியாவிடம் சொல்லிவிடு, எந்தச் சுவரும் எங்கேயும் போகாது. சமையல்காரி போர்வையை விரிக்கட்டும்.

அனக்லெத்து போய், கதவைப் பூட்டியதும், என்னை உள்முற்றத்துக்கு அழைத்துப் போ. பிறகு அந்தக் காகிதத்தை எடுத்து வா. "அடி முட்டாளே" என்று எழுதி நிறுத்திய காகிதம். கிழித்திருந்தால் உன்னைச் சும்மா விடமாட்டேன். எனக்கு வர வேண்டிய கடிதத்தை எனக்கு அனுப்பாமல் வைத்திருக்க நீ யாரடி? அவள் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் அதுதான், அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

உம்பெலினா